அம்மாள் கேட்ட இரண்டு பம்ப்

என் வாழ்க்கையில் ஒரேயொரு தடவை நான் தெய்வமாக இருந்திருக்கிறேன். மொத்தம் ஒரு கால் மணி நேரம் இருக்கும். ஊரே கைகூப்பி நின்றது, பெண்கள் குரவை போட்டார்கள், எங்கள் கண்ணகி அம்மன் கோயில் வண்ணக்கர் என் காலில் விழுந்தார். அந்தக் கால் மணி நேரமும் எனக்கு மூச்சு வரவில்லை என்பதுதான் ஒரே குறை.

இதைச் சொல்ல நான் வெட்கப்பட வேண்டும். வெட்கமும் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் பெருமைதான் கூடுதல். எங்கள் ஊரில் சாமி இறங்கி, உரு வந்து ஆடியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கேட்டதெல்லாம் இளநீர், வேப்பிலை, மிஞ்சிப்போனால் அடுத்த வருடம் பெரிய சடங்கு. தண்ணீர் இறைக்கும் பம்ப் கேட்டு, அதைப் பதினோராம் நாள் வாங்கியும் காட்டிய உரு நான் ஒருத்திதான்.

எனக்கு முட்டு வருத்தம். (டொக்டர்மார் ஆஸ்துமா என்பார்கள். எங்கள் பக்கத்தில் மூச்சு முட்டினால் அது முட்டு, அவ்வளவுதான்.) சின்ன வயதில் மாரிக்கு மாரி வரும், போகும். சுனாமி எங்கள் வீட்டையும் அண்ணனையும் ஒரே காலையில் கொண்டுபோன பிறகு, மிஞ்சிய அம்மாவும் நானும் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் எட்டுக் குடும்பங்களோடு இருந்தோம். ஈரப் பாய், விறகுப் புகை, சுவர் முழுக்கப் பூஞ்சணம். வந்துபோகும் முட்டு போவதற்கு மறந்துவிட்டது. அம்மா என்னைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். அண்ணனைப் பற்றி அழக்கூட அவருக்கு அந்த நாட்களில் நேரம் கிடைக்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூட முகாமுக்கு வந்துபோன ஒரு பெண் டொக்டர்தான் எனக்கு இரண்டு பம்ப் தந்தார். வாயில் வைத்து அழுத்தி இழுக்கிற பம்ப். ஒன்று மண்ணிறம், மற்றது நீலம்.

"மண்ணிறம் தடுப்பு" என்றார். "முட்டு இருந்தாலும் இல்லாட்டியும் காலையில ரெண்டு, பின்னேரம் ரெண்டு. அடிச்ச பிறகு வாய் கொப்பளிக்க வேணும். நீலம், முட்டு வந்தா மட்டும். விளங்கிச்சா?"

விளங்கியது என்றேன். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவளிடம் இதென்ன கேள்வி என்று உள்ளுக்குள் சின்னக் கோபம்கூட வந்தது.

மூன்று மாதம் ஒழுங்காக அடித்தேன். முட்டு போன இடம் தெரியவில்லை. அதற்குள் நாங்கள் தகரக் கொட்டிலுக்கு மாறியிருந்தோம். எனக்கு ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலையும் கிடைத்திருந்தது. கடல் தண்ணீர் புகுந்து உப்பாகிப் போன கிணறுகளைப் பதிந்து, பம்ப் அனுப்பி இறைப்பிப்பது என் பொறுப்பு. கழுத்தில் தொங்கும் அட்டையில் 'வெளிக்கள உத்தியோகத்தர்' என்று இருந்தது. இருபத்து நாலு வயதில் அப்படி ஓர் அட்டை தொங்கினால் கழுத்து தானாக நிமிரும். என் நடையே மாறிவிட்டது என்பார் அம்மா. (இப்போதும் ஆட்கள் கூடினால் அந்த நடையை நடந்து காட்டுவார்.)

அந்தக் காலத்தில்தான் வண்ணக்கர் என்னைத் தேடிக் கந்தோருக்கு (அலுவலகத்துக்கு) வந்தார். கோயில் பொறுப்பாளரை எங்கள் பக்கத்தில் வண்ணக்கர் என்போம். ஊரில் அவர் எனக்கு மாமா முறை. கந்தோரில் எனக்கு எல்லோரும் ஒரே முறைதான்: 'ஐயா'.

"மகள், ஊர்க் கிணறெல்லாம் இறைச்சாச்சு" என்றார். "அம்மாளின்ட கிணறு மட்டும் உப்பாக் கிடக்கு. வைகாசிச் சடங்கு வருகுது. குளிர்த்திக்கு அம்மாளை உப்புத் தண்ணியில குளிரப் பண்ணுறதா?"

குளிர்த்தி என்பது சடங்கின் கடைசி நாள். மதுரையை எரித்த கோபத்தோடு வந்த கண்ணகி அம்மாளை நீரால் குளிர்விப்பது. அதற்குக் கோயில் கிணற்று நீர்தான் வேண்டும். எனக்கு இதெல்லாம் தெரியாததல்ல. ஆனால் என் கையில் படிவம் இருந்தது.

"உரிமையாளர் கையெழுத்து வேணும் ஐயா."

"அம்மாளிட்ட நான் எப்பிடி மகள் கையெழுத்து வாங்கிற?"

"பொதுக் கிணத்துக்கு எங்கட திட்டத்தில இடமில்ல. உரிமையாளர் இருந்தாத்தான் பம்ப்."

அவர் ஐந்து தடவை வந்தார். ஐந்தாம் தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஐயா, உரிமையாளரை நேரில வந்து கேக்கச் சொல்லுங்க. அடுத்த கிழமையே பம்ப் அனுப்பிறன்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் என் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டேன். வண்ணக்கர் சிரிக்கவில்லை. "நல்லது மகள், அம்மாளிட்ட செல்லுறன்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். (எங்கள் பக்கத்தில் சொல்லுவதைச் 'செல்லுவது' என்போம்.)

கிட்டத்தட்ட அதே நாட்களில்தான் கந்தோரில் எங்களுக்கு ஒரு பயிற்சி தந்தார்கள். பயன் மதிப்பீடு. எந்தச் செயற்பாடு பலன் தருகிறது, எது தரவில்லை என்று பார்த்து, தராததை நிறுத்துவது. பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்தவள் கைக்கு அகப்பட்டதையெல்லாம் மதிப்பிட்டேன். கடைசியில் தகரப் பெட்டியின் மேல் கிடந்த இரண்டு பம்பிலும் கண் விழுந்தது.

நீலப் பம்ப்: அடித்தால் ஐந்து நிமிடத்தில் பலன் தெரிகிறது. மண்ணிறப் பம்ப்: அடித்தால் ஒன்றும் தெரிவதில்லை, அடிக்காவிட்டாலும் ஒன்றும் தெரிவதில்லை. அதோடு டொக்டரே அதற்குத் 'தடுப்பு' என்றுதானே பெயர் சொன்னார். தடுப்பூசி போட்டால் போட்டதுதான், யாராவது தினமும் போட்டுக்கொண்டிருக்கிறார்களா? மூன்று மாதம் நாளுக்கு நாலு கணக்காகத் தடுப்பு போட்டாகிவிட்டது. திட்டம் நிறைவு.

"அம்மா, எனக்கு முட்டு சுகமாகிட்டு. இனி மண்ணிறம் தேவையில்ல" என்று அறிவித்தேன்.

"டொக்டர் செல்லினவவா மனே?"

"டொக்டருக்கு நான் செல்லுறன்."

அம்மா மண்ணிறப் பம்பைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு நெஞ்சு உறுத்துகிறது.

இரண்டு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. என்னைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் கிழமை விடியப்புறம் இருமல் வந்தது. அது தகரத்தின் பனி என்றேன். சிரித்தால் இருமினேன், அது பகிடி நல்ல பகிடி என்றேன். அதுவரை சும்மா கிடந்த நீலப் பம்பை நாளுக்கு இரண்டு தரம் எடுத்தேன். அது கிணற்றடித் தூசி. எதற்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பது மற்றவர்களுக்குச் சொல்லப்பட்டது என்றே நினைத்திருந்தேன்.

அம்மாவோ மகள் சுகப்பட்டுவிட்டாள் என்று கண்ணகி அம்மனுக்கு வைத்த நேர்த்தியை முடிக்க ஆயத்தமானார். கண் நோய் தீர்ந்தால் வெள்ளியில் கண், கால் நோய் தீர்ந்தால் வெள்ளியில் கால். எனக்கு நெஞ்சு. என் சம்பளத்தில் செய்விக்க நகரத்து நகைப் பத்தரிடம் போனோம். அவரிடம் கண் இருந்தது, கை இருந்தது, தவழ்கிற பிள்ளைகூட இருந்தது. நெஞ்சு இருக்கவில்லை.

"நெஞ்செண்டா எந்த மாதிரிப் பிள்ள?" என்று கேட்டார்.

என் உயிரியல் அறிவைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? நுரையீரலை அளவாக வரைந்து கொடுத்தேன். ஒரு கிழமை கழித்துப் போனால், காம்போடு கூடிய இரண்டு கத்தரிக்காயைக் கையில் தந்தார். நல்ல வெள்ளி, நல்ல வேலைப்பாடு, ஆனால் கத்தரிக்காய். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மாளுக்கு விளங்குமா மனே?"

"அம்மாளுக்கு விளங்காததா" என்றேன்.

குளிர்த்திக்கு முதல் நாள் மத்தியானச் சடங்குக்குப் புறப்பட்டோம். எனக்கு விடியவே மூச்சு இறுக்கமாகத்தான் இருந்தது. நீலப் பம்பை எடுத்துக்கொள்ளச் சொன்னார் அம்மா.

"முட்டு போயிட்டெண்டு நேத்தி குடுக்கப் போறவள் பம்போட போறதா? அம்மாள் என்ன நினைப்பா?" என்று கேட்டேன். பம்பைத் தகரப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, விறைத்த சேலையைச் சரிசெய்துகொண்டு முன்னே நடந்தேன். அம்மா தட்டோடு பின்னால் வந்தார்.

கோயிலில் எள் போட்டால் விழாத சனம். வண்ணக்கர் என்னைக் கண்டதும் கூட்டத்தை விலக்கினார். "கந்தோர்ப் புள்ளைக்கு வழி விடுங்க. அம்மாளுக்கு நேர நிக்கட்டும்." உரிமையாளரையும் உத்தியோகத்தரையும் நேருக்கு நேர் நிறுத்திவிடுவது அவர் எண்ணம். கப்புகனார் (எங்கள் அம்மன் கோயில்களில் பூசை செய்பவர்) அம்மாவிடமிருந்து தட்டை வாங்கி அம்மாளின் முன் மடையில், படையல்களுக்கு நடுவில் வைத்தார். உடுக்கு அடித்தது. சாம்பிராணிச் சட்டி வந்தது.

முதல் புகை மூக்கில் ஏறியதுமே தெரிந்துவிட்டது. நெஞ்சுக்குள் கதவு ஒன்று சாத்தப்படுகிற மாதிரி. வெளியே போகத் திரும்பினேன், பின்னால் இருநூறு பேர். மூச்சை இழுக்கத் தோள் தூக்கித் தூக்கி விழுந்தது. கண் பிதுங்கியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம், நாய்க்குட்டி முனகுவது போல.

"உரு வந்திட்டு!" என்றார் யாரோ.

பெண்கள் குரவை போட்டார்கள். நான் 'இல்லை, இல்லை' என்று தலையை ஆட்டினேன். உருவில் தலை ஆடாமல் பின்னே என்ன ஆடும்? உடுக்கு இன்னும் வேகமானது. தெய்வம் முழுக்க இறங்கட்டும் என்று சாம்பிராணிச் சட்டியை என் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். கை எடுத்துத் தள்ளினேன். "அம்மாள் கோவமா இரிக்கா" என்று கூட்டம் பின்வாங்கியது. வண்ணக்கர் மட்டும் முன்னே வந்து கைகூப்பினார்.

"தாயே, என்ன குறை? வாய் திறந்து செல்லு."

உரு வந்தவர் வாயால் வருவதைக் கட்டுச் சொல்லுதல் என்பார்கள். அதற்கு ஊரே காது கொடுக்கும். நான் இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, எனக்கு அப்போது உலகத்தில் தேவைப்பட்ட ஒரே பொருளின் பெயரைச் சொன்னேன்.

"ப... ம்... ப்."

உடுக்கு நின்றுவிட்டது. வண்ணக்கரின் முகத்தில் அன்று வந்த ஒளியை நான் அதற்கு முன்னும் பின்னும் எந்த மனிதரின் முகத்திலும் கண்டதில்லை.

"பம்ப் கேக்கிறா" என்றார். "உரிமையாளர் நேரில வந்து பம்ப் கேக்கிறா. மறுத்த வாயாலயே கேக்கிறா."

அதல்ல என்று சொல்ல மூச்சில்லை. கையை வாய்க்கு முன் வைத்து, பம்பை அழுத்துவது போலக் காட்டினேன். "குடிக்கத் தண்ணி இல்ல எண்டு காட்டிறா" என்றார்கள். பம்ப் வீட்டில் இருக்கிறது என்று எங்கள் கொட்டில் பக்கம் கை நீட்டினேன். அந்தப் பக்கம்தான் கோயில் கிணறும் இருந்தது. இரண்டு தரம் அடித்தால் போதும் என்று இரண்டு விரலைக் காட்டினேன்.

"ரெண்டு பம்ப்!" என்றது ஊர்.

வண்ணக்கர் என் காலில் விழுந்தார். மறுபடி உடுக்கு, மறுபடி குரவை, மறுபடி புகை. இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பாக இருக்கவில்லை. விரல் நுனி குளிர்ந்துவிட்டது, சத்தங்கள் தூரப் போகத் தொடங்கின. செத்துவிடப் போகிறேன் என்று நினைத்தேன். அண்ணனும் போய், நானும் போய், அந்தத் தகரக் கொட்டிலில் அம்மா தனியாக யாருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். என் படிப்பும் அட்டையும் மதிப்பீடும் ஒன்றும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

அப்போதுதான் மஞ்சள் தண்ணீர்க் குடம் ஒன்று சாம்பிராணிச் சட்டியின் மேல் கவிழ்ந்தது. புஸ்ஸென்று நெருப்பு அணைந்தது. குடத்தோடு நின்றவர் அம்மா. அதுவரை வாழ்க்கையில் குரல் உயர்த்தாத என் அம்மா.

"தெய்வத்தில கை வைக்காதக்கா!" என்று பெண்கள் அவரைப் பிடித்தார்கள்.

"விடுங்க. எனக்குத் தெரியாத மூச்சா?" என்றார் அம்மா. "இருபத்தி நாலு வருஷமா இந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு படுக்கிறன். இது அம்மாள் இல்ல. இது முட்டு."

சொல்லிவிட்டு நேரே மடையில் கை வைத்தார். கப்புகனார் பதறிப்போனார். மடையில் வைத்த பொருளைப் பூசை முடியுமுன் எடுப்பதை எங்கள் ஊர் கேள்விப்பட்டதே இல்லை. அம்மா எங்கள் தட்டில் வெள்ளிக் கத்தரிக்காயைத் தள்ளி, வெற்றிலையைத் தள்ளி, அடியிலிருந்து என் நீலப் பம்பை எடுத்தார்.

இரண்டு, பிறகு இரண்டு, பிறகும் இரண்டு அடித்தார். நெஞ்சுக்குள் கதவு ஒள்ளம், ஒரு கீற்றளவு, திறந்தது. அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டு, முதல் வேலையாக, கோவித்துக்கொண்டேன்.

"வேணாமெண்டுதானே... செல்லினனான்."

"கத்தரிக்காயைப் பாத்தா அம்மாளுக்கு என்ன வருத்தமெண்டு விளங்காதெண்டு பம்பையும் வச்சனான்" என்றார் அம்மா.

என்னை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் இரண்டு சோதனைச் சாவடி. இரண்டிலும் ஆமிக்காரர் என் சத்தத்தைக் கேட்டே கையைக் காட்டி விட்டுவிட்டார்கள். அடையாள அட்டை காட்டாமல் சாவடி கடந்த ஒரே நாள் அதுதான். முகமூடி வைத்து ஆவி மருந்து பிடித்தார்கள், குளிசை தந்தார்கள், மூன்று நாள் மறித்து வைத்தார்கள். இரண்டாம் நாள் வந்து நின்றவர் அதே பெண் டொக்டர்.

"மண்ணிறத்தை ஆர் நிப்பாட்டச் சொன்னது?"

"நானாத்தான் டொக்டர். தடுப்புத்தானே... மூண்டு மாசம் போட்டாச்செண்டு."

"தடுப்பூசி எண்டு நினைச்சீங்களா?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"வெள்ளம் வயல் வட்டைக்குள்ள வரேல்ல எண்டா, அது வரம்பு நிக்கிறதால. வெள்ளம்தான் வரேல்லயே எண்டு வரம்பை வெட்டுவீங்களா?" என்றார். "அது தினமும் உள்ளுக்க வேலை செய்யுது. உங்களுக்குத் தெரியிறதில்ல, அவ்வளவுதான். சுகமா இருந்தா அளவைக் குறைக்கலாம். நான் பாத்து, கொஞ்சம் கொஞ்சமா. நீங்களா நிப்பாட்டப்படாது."

"ஊர்க் கிணத்துக்கெல்லாம் படிவம் நிரப்புறவ டொக்டர்" என்றார் அம்மா பக்கத்திலிருந்து. "தன்ட நெஞ்சுக்கு ஒரு படிவம் நிரப்பேல்ல."

மூன்றாம் நாள் வண்ணக்கர் இளநீரோடு வந்தார். மற்றக் கையில் பம்ப் கேட்டுக் கோயில் எழுதிய கடிதம்.

"மாமா" என்றேன். (ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் மறுபடி மாமாவாகிவிட்டார்.) "அது உரு இல்ல. முட்டு."

"ஓம் மகள், முட்டுத்தான்" என்றார் அவர் அமைதியாக. "ஆர் முட்டினதெண்டும் எனக்குத் தெரியும்."

கடிதத்தை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்தேன். கந்தோருக்குத் திரும்பிய அன்றே படிவத்தை எடுத்தேன். உரிமையாளர்: கண்ணகி அம்மன். குடும்ப அங்கத்தவர்: ஊர் முழுக்க. கையெழுத்து: உரிமையாளருக்காக வண்ணக்கர். தேவைப்படும் பம்ப்: இரண்டு. இரண்டு என்பது வாயில் அடிக்கிற இரண்டு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், மாமா ஒன்றரைக்குக்கூட இறங்கவில்லை.

ஊர் தெரியாத எங்கள் முகாமையாளர் படிவத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணகி அம்மாவை நீங்கள் நேரில் சந்தித்தீர்களா?" என்று கேட்டார்.

"மிக நெருக்கமாக" என்றேன்.

பதினோராம் நாள் இரண்டு பம்பும் வந்தன. முதலாவது அரை மணி நேரத்தில் பழுதாகி நின்றுவிட்டது. இரண்டாவதுதான் கிணற்றை இறைத்து முடித்தது. "பாத்தீங்களா, அம்மாளுக்கு முதலே தெரிஞ்சிரிக்கு" என்றார் வண்ணக்கர். தண்ணீர் உடனே இனித்துவிடவில்லை. ஒரு மாரி பெய்து, பிறகும் இறைத்து, அடுத்த வைகாசியில்தான் குளிர்த்திக்கு அந்தக் கிணற்று நீரை அள்ளினார்கள். முதல் வாளியை எனக்குக் குடிக்கத் தந்தார்கள். நான் குடித்துவிட்டு அழுதேன். அதை வண்ணக்கர் இன்னொரு உரு என்று நினைத்துக் கைகூப்பியது வேறு கதை.

போர் முடிந்த பிறகு கோயிலுக்கு மின் மோட்டாரே பூட்டினார்கள். ஆழியை, அதாவது சுவிட்சை, தட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். என் வெள்ளி நெஞ்சு இன்னும் அங்கே இருக்கிறது. அதன் கதை தெரியாத புதுத் தலைமுறை, யாரோ தோட்டக்காரர் கொடுத்த கத்தரிக்காய் என்று நினைத்து, நல்ல காய்ப்புக்காக அதைத் தொட்டுக் கும்பிடுகிறது. நான் திருத்தப் போகவில்லை. காய்க்கிறதாம்.

மண்ணிறப் பம்பை டொக்டர் மெல்ல மெல்லக் குறைத்து, இப்போது காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று நிற்கிறது. ஒரு நாளும் விட்டதில்லை. நான் அடிக்கிற சத்தம் கேட்டதும் என் மகள் முதல் அவள் தகப்பன் வரை வீட்டில் யாராவது, "அம்மாள் கேட்ட பம்ப் குடுத்தாச்சா?" என்பார்கள். குடுத்தாச்சு என்று நான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சோறு கிடையாது.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. காது மந்தம். வாசலில் ஓட்டோ ஹோர்ன் அடித்தாலும் கேட்காது. ஆனால் காலையில் பக்கத்து அறையில் நான் அடிக்கிற அந்த ஒரு 'ஸ்' மட்டும் கேட்கிறது என்கிறார். அது கேட்ட பிறகுதான் எழும்பித் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுகிறார்.